வேலி இல்லாத வாக்கியம்

ஆங்கிலம் படிப்பிப்பவர்களுக்குப் பெரிய சொற்களால் அதிகம் தொல்லை வருவதில்லை. சுற்றாடல், ஜனநாயகம், பொருளாதாரம் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகள் இரண்டு நாளிற் பாடமாக்கி விடுவார்கள். தொல்லை தருபவை சிறிய சொற்கள். அவற்றுள் முதலில் வைக்க வேண்டியது 'ஸம்' என்ற சொல். அகராதியைத் திறந்தால் 'சில' என்றிருக்கும். பிள்ளைகளும் கொப்பியில் 'சில' என்று எழுதிக்கொள்வார்கள். அடுத்த பக்கத்திலேயே அந்தப் பொருள் உதவாமற் போகும். தண்ணீருக்கு முன்னால் வந்தால் அது 'கொஞ்சம்'. ஒருமையில் நிற்கும் ஓர் ஆளுக்கு முன்னால் வந்தால் 'யாரோ'. இருபது என்ற எண்ணுக்கு முன்னால் வந்தால் 'ஏறக்குறைய'. குரலை அழுத்திச் சொன்னால் 'எல்லாரும் அல்லர், சிலர் மட்டும்' என்று பொருள் மாறும். நான்கு எழுத்துச் சொல்லொன்று இத்தனை வேலை பார்க்கிறது.

ஒன்பதாம் தரத்தில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், ஸம் எண்டா எத்தினை பேர்?" இரண்டு பேருக்குக் குறையாமல், எல்லாருக்கும் கூடாமல் என்று சொல்லி வைத்தேன். அவள் விடவில்லை. "அப்ப வகுப்பிலை முப்பது பேரிலை இருபத்தொன்பது பேரும் ஸம் தானா சேர்?" கேள்வி நியாயமானது. அந்தச் சொல்லுக்குள் எண் இல்லை. எண்ணை நிரப்புவது கேட்பவரின் மனம். சொல்பவர் மூவரை நினைத்துச் சொல்ல, கேட்பவர் முந்நூறு பேரை எண்ணிக்கொள்ளலாம். இலக்கணப் பாடம் ஒழுக்கப் பாடமாக மாறுவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

அந்தப் பிள்ளையின் மாமா இத்தாலியில் இருக்கிறார். யாழ்ப்பாணத்தவர் போய்க் குடியேறிய ஊர்களிற் சிசிலித் தீவின் பலெர்மோ நகரமும் ஒன்று. அங்குள்ள தமிழர்கள், இந்துக்களும் கத்தோலிக்கருமாக, பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும் சாந்தா ரொசாலியாவின் திருத்தலத்துக்கு ஏறிப் போவது அந்த நகரத்தாருக்குப் பழகிய காட்சி. அங்கே போகும் எண்ணத்தில் அவள் இத்தாலிய மொழிப் புத்தகமொன்றையும் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அதைப் புரட்டியபோதுதான் நம்முடைய ஒற்றை 'ஸம்' இத்தாலியனில் நான்கு வழியாகப் பிரிந்து போவதைக் கண்டேன்.

முதலாவது 'குவால்கே'. இதற்கு ஒரு விசித்திரம் உண்டு. பொருள் பன்மை, இலக்கணம் ஒருமை. சில நண்பர்கள் என்று சொல்ல வேண்டுமானால் 'குவால்கே அமீகோ' என்று ஒரே ஒரு நண்பனைத்தான் நிறுத்தவேண்டும். இரண்டாவது 'அல்கூனி'. இது நம்முடைய 'சிலர்' போலப் பன்மையோடு நடப்பது. இதே சொல் ஒருமையாகி எதிர்மறையோடு சேர்ந்தால் 'எந்த ஒன்றும் இல்லை' என்று பொருள் தரும். மூன்றாவது 'உன் போ', அதாவது 'கொஞ்சம்'. நான்காவதற்குத் தனிச் சொல் கிடையாது. 'டெல் பானே' என்றால் சொல்லுக்குச் சொல் 'பாணினுடைய' என்றாகும். கொஞ்சம் பாண் தாருங்கள் என்பதற்கு அவர்கள் சொல்வது அதுதான். அங்கே ஒரு முழுப் பாண் இருக்கிறது, அதிலிருந்து ஒரு பங்கு கேட்கிறேன் என்பது அதன் உட்பொருள். நாம் 'பாண்' என்ற சொல்லைப் போர்த்துக்கேயரிடமிருந்து பெற்றோம். இத்தாலியரின் 'பானே'யும் அதே இலத்தீன் வேரிலிருந்து வந்தது. சொல் கடல் கடந்து இங்கே வந்துவிட்டது, அந்த உருபு வரவில்லை.

இவற்றிலிருந்து இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். சிலரைப் பற்றிப் பேசும்போதும் நம் முன்னால் நிற்பது ஒரு தனி மனிதன் என்பதை 'குவால்கே' நினைவூட்டுகிறது. ஒரு பங்கைப் பற்றிப் பேசும்போது மீதிப் பங்கு அங்கேயே இருக்கிறது என்பதை 'டெல்' நினைவூட்டுகிறது. இத்தாலியர் எல்லாரும் இதை நினைத்தா பேசுகிறார்கள் என்று கேட்டால், இல்லை. மொழி தந்த வசதியை எவரும் மறந்து போகலாம். அந்த வசதி அங்கே இருக்கிறது என்பது மட்டுமே செய்தி.

நம்முடைய மொழியில் அந்த வசதி இல்லையா? தாராளமாக உண்டு. 'யார்' என்ற ஒரே கேள்விச் சொல்லோடு ஓகாரம் சேர்ந்தால் 'யாரோ', 'ஆவது' சேர்ந்தால் 'யாராவது', 'உம்' சேர்ந்தால் 'யாரும்'. ஓர் இடைச்சொல் மாறினால் ஒருவனிலிருந்து ஊர் முழுவதற்கும் போய்விடலாம். தொல்காப்பியரும் நன்னூலாரும் 'உம்' என்பதற்கு எட்டுப் பொருள் சொன்னார்கள். அவற்றுள் இரண்டு இங்கே முக்கியமானவை. ஒன்று முற்று, மற்றது எச்சம். 'எல்லாரும் வந்தார்கள்' என்றால் முற்று. வெளியே எவரும் மிச்சமில்லை. 'அவனும் வந்தான்' என்றால் எச்சம். வேறு எவரோ வந்திருக்கிறார் என்பதை அந்த 'உம்' சொல்லாமற் சொல்கிறது. இதைவிட நுட்பமான ஒரு விதியும் உண்டு. முற்றுப் பொருள் தரும் 'உம்' எதிர்மறையோடு சேரும்போது எச்சமாகவும் மாறலாம் என்று இலக்கணகாரர் கண்டிருக்கிறார்கள். 'எல்லா மாங்காயும் பறிக்கவில்லை' என்றால் மரத்தில் இன்னும் காய் இருக்கிறது, பறித்ததும் இருக்கிறது. முழுமையைப் பேசும் வாக்கியத்துக்குள்ளும் மீதியொன்று இருக்கலாம் என்று கவனித்த இலக்கணம் நம்முடையது.

அரபுக் கல்லூரிகளில் மன்திக் என்னும் தர்க்கக் கலையைப் படித்தவர்களுக்கு இன்னொரு சொல் ஞாபகம் வரும். எல்லாரும், சிலர், ஒருவரும் இல்லை என அளவு காட்டும் சொற்களுக்கு அந்தக் கலையில் 'ஸூர்' என்று பெயர். ஸூர் என்றால் மதில். ஓர் ஊரைச் சுற்றி மதில் நிற்பதுபோல ஒரு கூற்றைச் சுற்றி அளவுச்சொல் நிற்கிறது. இன்னார் உள்ளே, இன்னார் வெளியே என்று அது காட்டும். அளவுச்சொல் இல்லாத கூற்றுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள்: 'முஹ்மலா', கவனிக்காமல் விடப்பட்டது. 'மனிதன் எழுதுகிறான்' என்பது அப்படிப்பட்ட கூற்று. எல்லா மனிதரும் எழுதுகிறார்களா, சிலரா என்று அது சொல்லவில்லை. இப்னு ஸீனா முதலிய தர்க்க அறிஞர்கள் இதற்கு ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். மதில் இல்லாத கூற்றுக்குச் 'சிலர்' என்ற கூற்றின் பெறுமதிதான் உண்டு. அதற்குமேல் அதிலிருந்து எதையும் நிறுவ முடியாது.

யாழ்ப்பாணத்தில் இருப்பவனுக்கு மதிலைவிட வேலி நெருக்கமானது. கதியால் நட்டு, பனையோலையோ கிடுகோ வைத்துக் கட்டிய வேலி. அதற்காக நடந்த எல்லைச் சண்டைகளும் வழக்குகளும் இந்த மண்ணிற் கொஞ்சமல்ல. ஆனால் அதே வேலியிற் பொட்டு என்றொரு வழியும் இருக்கும். கறியும் கதையும் அதால்தான் அடுத்த வீட்டுக்குப் போய்வரும். ஆகவே அளவுச்சொல்லை நான் வேலி என்றே வைத்துக்கொள்கிறேன். எது எவருடையது என்று தெரிந்தால்தான் பொட்டால் போய்வருவதும் மரியாதையாக இருக்கும்.

இனி, அந்தத் தர்க்க அறிஞர்கள் முஹ்மலா என்று சொன்ன வேலியில்லாத வாக்கியங்கள் நம்மிடையே எவ்வளவு மலிந்து கிடக்கின்றன என்று பாருங்கள். 'சோனகர் இப்பிடித்தான்.' 'தமிழர் இப்பிடித்தான்.' 'சிங்களவர் இப்பிடித்தான்.' தேநீர்க் கடையில், பஸ்ஸில், கலியாண வீட்டில் நாளுக்கு எத்தனை முறை காதில் விழுகின்றன! இவற்றில் எல்லாரும் என்ற சொல் இல்லை, சிலர் என்ற சொல்லும் இல்லை. சொன்னவரை மறித்துக் கேட்டால், "நான் எல்லாரையுமா சொன்னனான்?" என்று தப்பிக்கொள்வார். கேட்டவர் மனதில் மட்டும் அது 'எல்லாரும்' என்றே பதிந்திருக்கும். தர்க்கம் இந்த வாக்கியத்துக்குச் 'சிலர்' என்ற விலைதான் போட்டது. தெரு அதை 'எல்லாரும்' என்ற விலைக்கு வாங்குகிறது. இந்த இரண்டு விலைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை இந்த நாடு மனித உயிர்களாற் செலுத்தியிருக்கிறது.

1983 ஜூலை 23 இரவு, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 படையினர் கொல்லப்பட்டார்கள். தாக்கியவர்கள் சிலர். அடுத்த நாட்களிற் கொழும்பிலும் வேறு ஊர்களிலும் எரிக்கப்பட்ட வீடுகளும் கொல்லப்பட்ட மனிதரும் அந்தச் சிலருடையவை அல்ல. தமிழ்ப் பெயரொன்று போதுமானதாக இருந்தது.

1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் அது நடந்தது ஒக்டோபர் 30ஆந் திகதி. ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்தார்கள். வடக்கு முழுவதிலுமாக 70,000க்கும் மேற்பட்டவர்கள் ஊரிழந்தார்கள். கிழக்கில் நடந்தவற்றையும், காட்டிக்கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டையும் காரணமாகச் சொன்னார்கள். எவர் காட்டிக்கொடுத்தார், எதை, எப்போது என்ற விசாரணைக்கு அந்தக் கட்டளையில் இடமிருக்கவில்லை. தையற்காரரும், இரும்புக் கடைக்காரரும், ஆசிரியரும், தொட்டிற் பிள்ளையும், கண் தெரியாத கிழவியும் ஒரே முற்றும்மைக்குள் அடைக்கப்பட்டார்கள். இலக்கணத்தில் எச்சம் என்று சொல்கிறோமே, அந்த மீதியே இல்லாமற் செய்யப்பட்ட நாள் அது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வைத்து 260க்கும் மேற்பட்டோரைக் கொன்ற தற்கொலையாளிகள் பத்துப் பேருக்கும் குறைவு. மே மாத நடுப்பகுதியில் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடைப் பக்கங்களில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அந்தக் கடைக்காரருக்கும் குண்டு வைத்தவருக்கும் பொதுவாக இருந்தது பெயர் ஒன்றே.

மூன்று வேளைகளில் மூன்று சமூகங்கள். அடித்தவர் மாறினர், அடிபட்டவர் மாறினர். வாக்கியம் மட்டும் மாறவில்லை. வன்முறைக்கு அரசியலும் பொருளாதாரமும் ஆயுதமும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு சொல் மட்டும் வீடு எரிக்காது. ஆனால் நெருப்பு வைக்கப் போகிறவனுக்கும், கதவைச் சாத்திக்கொண்டு பார்த்திருப்பவனுக்கும் மனச்சாட்சியைப் படுக்கவைக்க ஒரு வாக்கியம் தேவைப்படுகிறது. அது எப்போதும் வேலியில்லாத வாக்கியமாகவே இருந்திருக்கிறது.

அப்படியானால் எந்நேரமும் 'சிலர்', 'ஒரு சிலர்' என்று சேர்த்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? இங்கேதான் இந்தச் சொல்லின் மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

தர்க்கத்திற் 'சிலர்' என்றால் குறைந்தது ஒருவர் என்பது மட்டுமே பொருள். எல்லாருமாக இருப்பதை அது மறுப்பதில்லை. பேச்சு வழக்கு அப்படியல்ல. முப்பது பிள்ளைகளும் சித்தியடைந்த பின், 'சிலர் சித்தியடைந்திருக்கிறார்கள்' என்று நான் பெற்றோரிடம் சொன்னால் அது தர்க்கப்படி பொய்யாகாது. ஆனாலும் என்னைப் பொய்யன் என்றே சொல்வார்கள், சரியாகவே சொல்வார்கள். கூட இருந்ததைக் குறைத்துக் காட்டவும் 'சிலர்' பயன்படும். அடுத்தவரின் குற்றத்தைப் பேசும்போது வேலியைப் பிடுங்கி எறிகிறோம். நம்மவரின் குற்றம் என்று வந்ததும், ஒரு பரப்புக் காணியைச் சுற்றி வரவேண்டிய வேலியைக் கிணற்றடியைச் சுற்றி மட்டும் கட்டுகிறோம்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் முஸ்லிம்களின் வெளியேற்றம் தவறு என்று ஏற்று வருத்தம் தெரிவித்தார். அது வேண்டிய பேச்சு. அதற்குப் பின் யாழ்ப்பாணத்திற் பலர் சொல்லக் கேட்ட வசனம், 'அது ஒரு சில பேர் எடுத்த முடிவு' என்பது. முடிவெடுத்தவர்கள் சிலர்தான் என்பது உண்மை. துப்பாக்கிக்கு முன்னால் சாதாரண சனம் என்ன செய்திருக்க முடியும் என்பதும் நியாயமான கேள்வி. அழுது வழியனுப்பியவர்களும் இருந்தார்கள். ஆனால் ஆளில்லாத வீடுகளின் ஓடும் நிலையும் கதவும் அடுத்து வந்த காலத்திற் கழன்று போயின. அவற்றைக் கழற்றியவர் எத்தனை பேர், விலைக்கு வாங்கியவர் எத்தனை பேர், பார்த்தும் பேசாதிருந்தவர் எத்தனை பேர்? இவர்களெல்லாரும் முடிவெடுத்த அந்தச் சிலருக்குள் அடங்குவார்களா? முடிவு சிலருடையது. அதன் பலனை அனுபவித்தவர்களுக்கும் மௌனமாக இருந்தவர்களுக்கும் வேறு வேறு அளவுகள் உண்டு. ஒரே 'சில'வை எல்லாவற்றின் மேலும் போர்த்தினால் எந்தக் கணக்கும் தீராது.

இதே அளவுகோலை நம்மவர் பக்கமும் வைக்க வேண்டும். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டதை நாம் வருடந்தோறும் நினைவுகூருகிறோம், நினைவுகூர வேண்டும். அதே மாதம் அம்பாறை மாவட்டத்தின் வீரமுனையிற் கொல்லப்பட்ட தமிழர்களைப் பற்றி நம் சஞ்சிகைகளில் எத்தனை வரி எழுதப்பட்டிருக்கும்? அந்தக் கொலைகளில் முஸ்லிம் ஊர்காவற் படையினரும் இருந்தார்கள் என்று தப்பியவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். 2019இன் பின், 'ஒரு சில வழிதவறியவர்கள்' என்று நாம் திரும்பத் திரும்பச் சொன்னோம். குண்டு வைத்தவர்கள் சிலர்தான், அதில் ஐயமில்லை. அவர்களைப் பற்றி அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எச்சரித்த முஸ்லிம்களும் இருந்தார்கள். அந்த எச்சத்தை நாடு மறந்துவிட்டது என்ற நம் மனக்குறை நியாயமானது. ஆனால் 2017 மார்ச்சில் காத்தான்குடியிற் சூபி வழியினர் தாக்கப்பட்டபோது வாய்மூடியிருந்தவர்களும் 'சிலர்' தானா? வெறுப்புப் பேச்சைக் கேட்டுத் தலையாட்டியவர்களும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுவார்களா? இதை நாம் நமக்குள் கேட்பதற்கும் பிறர் நம்மைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதற்கும் வித்தியாசம் உண்டு. நாம் கேட்டால் அது சுயவிசாரணை. பிறர் எல்லாரையும் சேர்த்துக் கேட்டால் அது பழைய முற்றும்மை.

ஆக, 'சிலர்' என்பது உண்மையான சொல்லாக இருக்க மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எதைச் செய்த சிலர்? ஆள் காட்ட முடியுமா, குறைந்தது ஒருவரையாவது? மீதிப் பேர் எங்கே, அவர்கள் என்ன செய்தார்கள்? 'குவால்கே' ஒருமையில் நின்று இரண்டாவது கேள்வியைக் கேட்கிறது. பாணின் பங்கும் நம்முடைய எச்சவும்மையும் மூன்றாவதைக் கேட்கின்றன. பதில் சொல்ல முடியாத இடத்திற் பேசாமல் இருப்பது மேல்.

அல்குர்ஆனில் இரண்டு இடங்கள் இங்கே நினைவுக்கு வருகின்றன. ஆல இம்ரான் அத்தியாயத்தில் வேதக்காரரின் பிழைகளைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருக்கையிலேயே, அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்று வசனம் இடைமறிக்கிறது. கண்டிப்புக்கு நடுவிலேயே ஒரு வேலி நடப்படுகிறது. மற்றது அல் ஹுஜுராத் அத்தியாயத்தில் வருவது. ஊகங்களிற் சில பாவமாகும், ஆதலால் ஊகத்திற் பெரும்பகுதியைத் தவிர்த்துக்கொள்ளும்படி அங்கே சொல்லப்படுகிறது. அந்த வசனத்தில் வரும் இரண்டு அளவுச்சொற்களையும் கவனியுங்கள். பாவமாக இருப்பது சில. தவிர்க்கச் சொல்வது அதிகம்.

இது தர்க்கத்துக்கு மாறானதாகத் தோன்றலாம். சிலதுக்காக ஏன் பலதை விடவேண்டும்? காரணம் நடைமுறையானது. மனதில் எழும் நூறு சந்தேகங்களில் எது பாவமானது என்று முன்கூட்டியே நமக்குத் தெரியாது. அந்தச் சிலவற்றில் ஒன்று அயலவனின் வாழ்வை அழித்துவிடக் கூடியது. ஆகவே சிலவற்றுக்குப் பயந்து பலவற்றை அடக்கிக்கொள்கிறோம். சிலதிலிருந்து பலதுக்குத் தாவுவது நியாயமாகும் இடம் நான் அறிந்த வரையில் இது ஒன்றுதான். அந்தத் தாவல் நம்முடைய நாவைக் கட்டுவது, நம்முடைய மனதை மறிப்பது. அயலவனை ஊரைவிட்டுத் துரத்துவதற்கு அதே தாவலைப் பயன்படுத்த எவருக்கும் உரிமை கிடையாது.

இன்றைக்கு எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு 1983உம் 1990உம் வரலாற்றுப் பாடம். 2019 சிறு வயது ஞாபகம். அவர்கள் வீட்டில் கேட்டு வளர்வது மட்டும் நாங்கள் கேட்டு வளர்ந்த அதே வேலியில்லாத வாக்கியங்கள். ஆங்கில பாடத்தில் 'ஸம்' வரும்போது நான் இப்போது கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சியோடு இன்னொரு பயிற்சியையும் கொடுக்கிறேன். அவர்கள் அன்றைக்குக் கேட்ட ஒரு வாக்கியத்தை எழுதி, அதற்கு எந்த அளவுச்சொல் பொருந்தும் என்று தமிழிலேயே சேர்க்க வேண்டும். சிலர், பலர், ஒருவர், எனக்குத் தெரிந்த இரண்டு பேர், எவரென்று தெரியாது. கடைசி விடையை எழுதும் பிள்ளைகளின் தொகை வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டு வருகிறது. அதற்கு நான் முழுப் புள்ளி போடுகிறேன்.